புதுச்சேரிக்கு ஐந்து பேர்

என் தம்பிக்குப் பெண் புதுச்சேரியில் என்று முடிவானதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் "அடேயப்பா, சீமைச் சம்பந்தம்!" என்று வாயைப் பிளந்தார்கள். மீதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது ஒன்றும் சீமையில்லை. காஞ்சிபுரத்தில் விடியக் கிளம்பினால் வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நடுவில் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ராஜ்யம், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம் என்று சொல்லி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கழியைத் தாண்ட நாங்கள் பட்ட பாடு, கப்பலேறிப் போனவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

தம்பி பிறந்த தீட்டு கழிவதற்குள் எங்கள் அம்மா கண்ணை மூடிவிட்டாள். எனக்கு அப்போது பாவாடை கட்டுகிற வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ராட்டினம் சுற்றினேன், சமைத்தேன், பிறகு அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டும் போனேன். அப்பாவும் போன பிறகு அவனுக்கு நான்தான் எல்லாம். அவன் ஒரு வாயில்லாப் பூச்சி. பசித்தால்கூடப் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது, அடுப்பங்கரைப் பக்கம் வந்து நிற்பான். அவனுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். அவனுக்குப் பேச்சு வராததற்கே நான்தான் காரணம் என்று என் புருஷன் சொல்வார். அவர் பேச்சை விடுங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பெண் என்னைச் சமையலறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். ஏதோ நகை கேட்கப் போகிறாள் என்று நான் முகத்தை இறுக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணி, கூறைப்பொடவ மட்டும் அவுரு கையால நெய்ஞ்சதா இருக்கணும். வேற ஒண்ணும் வாணாம்" என்றாள். சொன்ன வேகத்தில் ஓடியும் போய்விட்டாள்.

முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க, பெண் கட்டிக்கொண்டு வந்து தாலிக்கு உட்காருகிற புடவைதான் கூறைப்புடவை. ஊருக்கெல்லாம் கூறை நெய்கிறவனிடம் எனக்கு ஒன்று நெய்து தா என்று கேட்டிருக்கிறாள். வண்டியேறி ஊர் திரும்பியதும் தம்பியிடம் சொன்னேன். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் முதலில் மோரை ஊற்றிக் குழைத்துக்கொண்டு, அதன் பிறகு குழம்பு எங்கே என்று தேடினான். சரி, பிள்ளைக்குப் பிடித்துவிட்டது என்று நான் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே தறியில் இறங்கிவிட்டான். அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை. கரை வேறு நிறமாக இருந்தால் கரைக்கென்று பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து நாடா, அதாவது நூல் கோத்த ஓடக்கட்டை, போட வேண்டும். அந்த ஆள் நான். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றார் என் புருஷன். என் தம்பி பெண்டாட்டி புடவைக்குக் கூலிக்காரனா என்று நான் போட்ட சத்தத்தில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். புடவை தறியிலிருந்து இறங்கிய அன்று தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண் பட்டுவிடுமே என்று திட்டிக்கொண்டே அதை வாங்கி உள்ளே வைத்தேன்.

கண் பட்டே விட்டது. அது எங்கள் தாய்மாமன் உருவத்தில் வந்தது.

மாமா சரிகை வியாபாரி. சரிகை வாங்க இரண்டு தடவை புதுச்சேரி போய் வந்தவர். அதனால் பிரெஞ்சுக்காரனுடைய சட்டம் மொத்தத்தையும் தம் மடியில் முடிந்து வைத்திருப்பதாக நினைப்பு. சுருட்டும் கையுமாக வந்து தறிமேடை ஓரத்தில் உட்கார்ந்து, "சேதி கேட்டியா? புதுப்பட்டு எல்ல தாண்டுனா வரியாம்" என்றார். வரிதானே, கட்டிவிடலாம் என்றேன். அடுத்த நாள் வந்து, "வரி இல்லியாம், பறிமுதலாம்" என்றார். அதற்கும் அடுத்த நாள் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "பட்டணத்துலேர்ந்து வந்தவன் ஒருத்தன் சொன்னான். புதுசுதான் பறிமுதலாம். உடுத்துன பொடவைக்கு ஒண்ணும் கெடையாதாம். மடிச்சி வெச்சிருந்தா புதுசு, ஒடம்புல இருந்தா பழசு. சட்டம் அவ்ளோதான்."

"ரயில்ல போய்ட்டா?" என்றேன்.

"ரயில்ல ஒவ்வொரு மூட்டையா அவுக்கிறான்மா. மோட்டார்ல போனா மேலோட்டமா பாத்துட்டு வுட்டுடுவான். நீ அந்தப் பொடவைய கட்டிக்கினு மோட்டார்ல குந்து. யார் கேக்கப் போறான்?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "கல்யாணப் பொண்ணு கட்றதுக்கு முன்னாடி கூறைய இன்னொருத்தி கட்டுவாளா? வாய் இருக்குதுன்னு எதையும் பேசிடறதா மாமா?"

மாமா சுருட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அதுவும் நாயந்தான். அப்போ மாப்ளையே சுத்திக்கட்டும். அவன் குடுக்கிற பொடவ, அவன் ஒடம்புல பட்டா தோஷம் இன்னா?"

மீசை வைத்த என் தம்பி அரக்குச் சிவப்புப் புடவையில் முக்காடு போட்டுக்கொண்டு எல்லை தாண்டுவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் என்னையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. எழுந்து தறிக்குழியில் இறங்கி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அந்த முதுகைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. இந்தப் புடவை போய்ச் சேராவிட்டால் அந்தப் பெண் கடைப் புடவையில்தான் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். அவள் கேட்ட ஒரே பொருளைக் கொடுக்க முடியாதவனாக என் தம்பி வாழ்க்கையைத் தொடங்க வேண்டும். அதை நான் விடுவேனா?

யோசனை எனக்குத்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவது வழக்கம். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. பம்பை அடித்து, கிணற்றங்கரையில் அவளை ஒரு குடம் தண்ணீரில் அழைத்து, குடத்தின் மேல் மஞ்சள் பூசின தேங்காயை வைத்து, புதுப்புடவை உடுத்தி, வீட்டுக்குள் கூட்டிவந்து சோறு போடுவோம். அவள் உடுத்தின புடவையை வீட்டுப் பெண்கள் கட்டிக்கொள்ளலாம். அதில் தோஷமே கிடையாது, ஆசீர்வாதம்தான். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி எங்கள் அம்மா.

"கூறைய அம்மாவுக்கு உடுத்திடலாம்" என்றேன். "அம்மாவையே மோட்டார்ல கூட்டிக்கினு போய்டலாம். உடுத்துன பொடவ, ஒடம்புல இருக்குற பொடவ. பறிமுதல் பண்ணுவானா, பண்ணட்டும் பாக்கலாம்."

தறிக்குழியிலிருந்த முதுகு திரும்பியது. அதுதான் எனக்குக் கிடைத்த சம்மதம்.

மாமாவுக்குத் தாம் சொல்லாத யோசனை எதுவும் பிடிக்காது. பூவாடைக்காரி ஊர் எல்லையைத் தாண்டலாமா கூடாதா என்று கேட்டு வைத்தார். அது நியாயமான கேள்வி என்பதால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. பம்பைக்காரரைப் போய்க் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தெரிஞ்சி யாரும் மோட்டார்ல கூட்டிக்கினு போனதில்லமா. போவக்கூடாதுன்னும் யாரும் சொன்னதில்ல. அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னா தண்ணி தளும்பிக் கொட்டிடும். பாத்துப் போங்க" என்றார்.

பிரெஞ்சுக்காரன் சட்டமும் தெரியாது, பூவாடைக்காரி சட்டமும் தெரியாது. இந்த லட்சணத்தில் நாங்கள் கிளம்பினோம்.

என் புருஷனும் உறவுக்காரர்களும் சீர்வரிசையோடு முந்தின நாளே ரயிலேறிவிட்டார்கள். மோட்டாரில் நான், தம்பி, மாமா. வண்டி வாடகை வண்டி. ஓட்டினவர் ஒரு பாய், நடுத்தர வயசு, தாடியில் மருதாணிச் சிவப்பு. வாசலில் பம்பை சத்தத்தோடு குடத்தைத் தூக்கி வந்ததைப் பார்த்து அவர் இறங்கி நின்றார்.

"இது இன்னா தங்கச்சி, சாமியா?"

"எங்கம்மா, பாய். சாமியாயிட்டாங்க."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பின்சீட்டின் தூசியைத் தம் துண்டால் தட்டிவிட்டு, "அம்மாவ நடுவுல குந்த வெய்யுங்க. ஓரத்துல தூக்கித் தூக்கிப் போடும்" என்றார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் தம்பி, நடுவில் அரக்குச் சிவப்புப் புடவையில் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு அம்மா. தூரத்திலிருந்து பார்த்தால் குள்ளமான ஒரு சுமங்கலி சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. தம்பி ஒரு கையைக் குடத்துக்குப் பின்னால் போட்டு அணைத்துக்கொண்டான்.

முன்சீட்டில் மாமா. தெரு திரும்பியதும் வழக்கம்போல மடியிலிருந்து சுருட்டை எடுத்தார். எடுத்தவர் மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். அம்மா அவருக்கு அக்கா. உயிரோடிருந்தபோது இவர் சுருட்டுப் பிடித்ததைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றால் அடித்தாளாம். மாமா சுருட்டை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார். புதுச்சேரி போகிறவரை அந்த மனிதர் தவித்த தவிப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றில் இறங்கினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். வண்டி பாதி ஆற்றில் புதைந்து நின்றது. பக்கத்து வயலிலிருந்து இரண்டு மாடுகளைக் கொண்டுவந்து முன்னால் பூட்டினார்கள். "எல்லாரும் எறங்கித் தள்ளுங்கோ" என்றார் பாய். பிறகு குடத்தைப் பார்த்து, "நீங்க குந்துங்கம்மா" என்றார். மாடுகள் ஒரு இழுப்பு இழுத்தன. வண்டி குதித்துக் கிளம்பியது. குடத்தின் வாயோரமாகத் தண்ணீர் கசிந்து தேங்காயின் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வழிந்தது.

"போச்சு! அக்காவுக்கு இஷ்டம் இல்ல. திரும்பிடலாம்" என்றார் மாமா. அவருக்குச் சுருட்டுக் கவலை.

"வெய்யில் ஏறுது இல்ல? வேர்த்திருக்குது" என்றேன். முந்தானையால் அம்மாவுக்கு முகத்தைத் துடைத்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்கும் பகீர் என்றுதான் இருந்தது. ஆனால் மாமா முன்னால் அதைக் காட்டுவேனா?

வந்தவாசி தாண்டினதும் வண்டி முன்பக்கம் புகைய ஆரம்பித்தது. பாய் இறங்கி மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஆவி வந்தது. "தண்ணி காலி. பேஜாருதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினவரின் பார்வை குடத்தில் போய் நின்றது. நான் பாயைப் பார்த்தேன். தம்பியும் பாயைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் கேக்கல தங்கச்சி" என்றவர் தகரத்தை எடுத்துக்கொண்டு கிணறு தேடிப் போய்விட்டார். மாமா அவரோடு துணைக்குப் போவதாகச் சொல்லி, வேகவேகமாக ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றார். மரத்துக்குப் பின்னாலிருந்தும் புகை வந்தது. வண்டிப் புகை நின்ற பிறகும் அந்தப் புகை நிற்கவில்லை.

திண்டிவனம் தாண்டியதும் மாமாவுக்கு மறுபடியும் அதிகாரம் வந்துவிட்டது. "பாய், பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள்ள வண்டிய வலது பக்கமாத்தான் ஓட்டணும். தெரியுமில்ல?"

"எல்ல எங்க ஆரம்பிக்குது?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. அங்கே இந்த ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் இங்கிலீஷ், அதற்கடுத்த ஊர் மறுபடியும் பிரெஞ்சு என்று துண்டு துண்டாகக் கிடக்கும். நடுவே வயல், வயலில் ஒரு கல். அந்தக் கல் எல்லைக்கல்லா, மாடு உரசிக்கொள்ள நட்ட கல்லா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு கல்லைப் பார்த்ததும் "வலது!" என்பார் மாமா. பாய் வலது பக்கம் ஒடிப்பார். இன்னொரு கல் வந்ததும் "இடது!" பாய் இடது பக்கம் ஒடிப்பார். ரஸ்தாவில் எதிரே ஒரே ஒரு கட்டை வண்டி, அதுவும் நட்ட நடுவில், எந்த ராஜ்யத்துச் சட்டத்தையும் மதிக்காமல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் பாம்புபோல வளைந்து வளைந்து வருவதைப் பார்த்து வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார்.

"எல்லாரும் புதுச்சேரிக்குள்ள போய்க் குடிச்சிட்டுத்தான் இப்பிடி வருவானுங்க. நீங்க இன்னா, போவும்போதேவா?" என்றார்.

பாய் அதற்கப்புறம் மாமா சொன்ன ஒரு வார்த்தையையும் காதில் வாங்கவில்லை. ரஸ்தா எந்தப் பக்கம் நன்றாக இருந்ததோ அந்தப் பக்கம் ஓட்டினார்.

கடைசியில் வந்தே விட்டது அந்த மூங்கில் கழி. பக்கத்தில் ஓலைக் கொட்டகை, அதில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கோட்டும் தொப்பியுமாக ஒரு குமாஸ்தா. கழியைப் பிடித்துக்கொண்டு சிவப்புத் தொப்பிச் சிப்பாய். இருவரும் நம் ஊர் முகம்தான். தம்பியின் கை குடத்தை இன்னும் இறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

குமாஸ்தா வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். "எத்தினி பேரு?"

"நாலு பேரு சார்" என்றார் மாமா.

பெற்ற தாயை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு கணக்கில் விட்டுவிடுவதா? "அஞ்சு" என்றேன் நான்.

குமாஸ்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்தம்மா யாரு? முக்காட்ட எடுத்துட்டு எறங்கச் சொல்லுங்க. புது உத்தரவு. எல்லாரும் எறங்கி மொகத்தக் காட்டிட்டுத்தான் போவணும்."

"அவங்க எறங்க மாட்டாங்க சார்."

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

"செத்துட்டாங்க சார்" என்று மாமா பவ்வியமாகச் சொன்னார்.

குமாஸ்தா போட்ட கூச்சலில் கொட்டகை ஓலையில் இருந்த காக்கைகள் பறந்துவிட்டன. "பொணமா? டாக்டர் சீட்டு இல்லாம பொணத்த ஏத்திக்கினு எல்ல தாண்றீங்களா?" சிப்பாய் ஊதலை எடுத்து ஊதினான். மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். பாய்தான் இறங்கி, "கொடம் சார், கொடம். உள்ள தண்ணி" என்று கெஞ்சி விளங்கவைத்தார்.

"தண்ணியா? சாராயமா?"

இதைக் கேட்டதும் ஊதிக்கொண்டிருந்த சிப்பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. "சாராயத்த இங்கருந்து வெளிய கொண்டு போவானுங்க சார். உள்ள கொண்டாந்தவன் இது வரைக்கும் ஒருத்தனும் இல்ல" என்றான்.

குமாஸ்தாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் எட்டிப் பார்த்தார். வெயில் கரைச் சரிகையில் பட்டுப் பளீரென்று அடித்தது. அவர் முகம் மாறியது.

"புதுப்பட்டு மாதிரி இருக்குது?"

"உடுத்துன பொடவ சார்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். உண்மையில் பரிதாபமாகத்தான் இருந்தார். "இதப் பாருங்கம்மா, போன மாசம் ஒரு உத்தரவு வந்துச்சி. அத மாத்தி இன்னொண்ணு வந்துச்சி. நேத்து பெரிய தொர வந்து ரெண்டும் இல்லன்னாரு. இப்போ இன்னா நடப்புல இருக்குதுன்னு எனக்கே தெரியாது. உடுத்துனதுன்னா வுடலாம், புதுசுன்னா நிறுத்தி வெக்கணும். அது ஒண்ணுதான் மூணுலயும் இருந்துச்சி. கொடம் உடுத்துனா உடுத்துனதா? அத உருவிப் பிரிச்சிக் காட்டுங்க. மடிப்புக் கலையாம இருக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நீயும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன்தானா, உன் உத்தரவைக் கொண்டுபோய் அடுப்பில் போடு, மூன்று உத்தரவு போட்டும் ஒரு புடவைக்கு வழி சொல்லத் தெரியாதவனுக்கு ராஜ்யம் எதற்கு என்று ஆரம்பித்தேன். பிரெஞ்சுக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுக்க வாயெடுத்தபோது தம்பி என் கையைத் தொட்டான்.

"அக்கா, நீ சும்மா இரு."

அவன் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வண்டியிலிருந்து இறங்கினான். கதவுக்கு முன்னால் குமாஸ்தாவுக்கு எதிரே நின்றான்.

"எங்கம்மா சார். நடுரோட்டுல, நாலு ஆம்பளைங்க முன்னாடி எங்கம்மா பொடவைய உருவ வுடமாட்டேன். பறிமுதல் பண்றதுன்னா என்னப் பண்ணிக்குங்க."

அது வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற மாமா மெல்லக் கையை இறக்கினார். போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நின்றார். "எங்கக்கா சார்" என்றார். பாய் வண்டியைச் சுற்றி வந்து இந்தப் பக்கம் நின்றுகொண்டார். நான் குடத்தைக் கட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது குடம் என்று என் புத்தியில் இல்லை.

குமாஸ்தா கழற்றின தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"உருவக் கூடாதுன்னு சொல்றீங்க" என்றார்.

"கூடாது சார்."

"உருவக் கூடாதுன்னா அது உடுத்துன பொடவதான். புதுசுன்னா பிரிக்கலாமில்ல?" அதைத் தாமே ஒரு தடவை சொல்லிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். மூன்று உத்தரவில் இல்லாதது அவருக்கே கிடைத்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. "தொர கேட்டா நான் சொல்லிக்கிறேன். தூக்குப்பா கழிய."

சிப்பாய் கழியைத் தூக்கினான். வண்டி நகரும்போது குமாஸ்தா கொட்டகைக்குள் பார்த்து உரக்கச் சொன்னார்: "உள்ள அஞ்சு பேரு!"

நான் அழுதுவிட்டேன். மாமாவும்தான். பிறகு கேட்டால் சுருட்டு இல்லாததால் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சாதித்தார்.

பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது ஆலாத்தித் தட்டோடு வந்த பெண்கள் குடத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். "உங்க சம்பந்தியம்மா வந்திருக்காங்க" என்றேன். பெண்ணைப் பெற்றவள் ஒரே ஒரு கணம்தான் விழித்தாள். உடனே உள்ளே ஓடிப் புதுப்பாய் கொண்டுவந்து கூடத்தில் விரித்து, "வாங்க சம்பந்தி" என்றாள். எனக்கு அந்த வீட்டை அப்போதே பிடித்துப் போயிற்று. ரயிலில் வந்த என் புருஷனிடம், மூட்டையெல்லாம் அவிழ்த்தார்களா என்று கேட்டேன். மூட்டைமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாராம், எழுப்பினவர்கள்கூட இல்லையாம். மாமா அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம். தம்பி மணையில் உட்கார்ந்துவிட்டான். கூறை கொடுக்கிற நேரம் வந்ததும், அம்மா மேலிருந்து புடவையை எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுக்க நான் எழுந்தேன். ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். அதற்குள் பெண்ணே எழுந்து வந்துவிட்டாள். அப்படி வருவது எந்த வழக்கத்திலும் இல்லை. ஆளாளுக்கு உட்கார் உட்கார் என்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே கூடத்தில் விரித்திருந்த பாய்க்கு முன்னால் வந்து, அதில் இருந்த குடத்தின் எதிரில் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். புடவையின் ஓரத்தைத் தொடப் போன கையை நிறுத்திக்கொண்டாள்.

"அத்தே, நான் எடுத்துக்கட்டுமா?"

இப்படி ஒருத்தி கேட்பாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எப்போதும்போல நான்தான் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையைக் கூப்பிக்கொண்டு, பதில் வரட்டும் என்று உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தாள்.

மணையிலிருந்து தம்பி தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"எடுத்துக்கோன்னு சொல்றாங்க."